மாசுகளின் சராசரி பூச்சியம் என்றால் ஏற்ற அடர்த்தி அலையை எது பிடித்து வைத்திருக்கிறது?

நிலாவெளி_நிலா:

எல்லோருக்கும் வணக்கம். நான் கோணேசபுரி வளாகத்தில் இறுதி ஆண்டு படிக்கிறேன். செயற்றிட்டத்துக்கு எடுத்தது, மாசுள்ள பொருட்களில் ஏற்ற அடர்த்தி அலை (இலத்திரன் அடர்த்தி அலையாகக் கூடிக் குறையும் நிலை) எப்படி நகர்கிறது என்பது. தாழ்வெப்பநிலைக் கருவிகள் கைக்கு எட்டாததால் முழுக்கக் கணினியில் செய்கிறேன்.

என் மாதிரி எளிமையானது. வரிசையாக அவத்தைகள், அதாவது அலை ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று சொல்லும் எண்கள். பக்கத்துப் பக்கத்து அவத்தைகளை வில்கள் இணைக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் ஒரு மாசு, அது சைன் வடிவில் ஒரு விசையைக் கொடுக்கிறது. அந்த சைன் எங்கே தொடங்குகிறது என்பது இடத்துக்கு இடம் எழுந்தமானம். எல்லாவற்றையும் ஒரே அளவு விசையால் முன்னே இழுக்கிறேன். சடத்துவம் இல்லை, உராய்வு மட்டும்தான். விசை குறைவாக இருந்தால் எல்லாம் கொஞ்சம் அசைந்துவிட்டு நிற்கிறது. ஓர் எல்லையைத் தாண்டினால் முழு வரிசையும் நிற்காமல் ஓடுகிறது.

எனக்குப் பிடிபடாத இடம் இதுதான். மாசுகள் எழுந்தமானமாக இருக்கின்றன. ஒன்று முன்னே தள்ளும், இன்னொன்று பின்னே இழுக்கும். ஆயிரக்கணக்கில் கூட்டினால் சராசரி பூச்சியத்துக்கு வரவேண்டும். பிறகு அலையைப் பிடித்து வைத்திருப்பது எது?

இன்னொன்றும் உண்டு. முழு அலையையும் ஒரே துணிக்கையாக எடுத்துக் கணக்குப் பார்த்தால், தொடக்க விசைக்கு அருகே வேகம் வர்க்கமூலமாக ஏறுகிறது, சாய்வு முடிவிலிக்குப் போகிறது. கட்டுரைகளில் உள்ள அளவீட்டு வளைவுகளில் அப்படிக் காணவில்லை. எதை நம்பி எழுதுவது?

சீனன்குடா_வாசி:

தங்கச்சி, நல்ல கேள்வி. விடையை மற்றவர்கள் சொல்வார்கள். இந்த இழைக்குப் புதிதாக வருபவர்களுக்காக நான் அடிப்படையை வைத்துவிடுகிறேன்.

சங்கிலி சங்கிலியாக அணுக்கள் அடுக்கப்பட்ட உலோகத்தில் இலத்திரன்கள் பெரும்பாலும் ஒரே திசையில்தான் ஓடும். அப்படிப்பட்ட உலோகம் தாழ்ந்த வெப்பநிலையில் சம இடைவெளியில் நிலைக்காது என்று பெயர்ல்ஸ் 1950களில் காட்டினார். அணுக்கள் ஓர் ஒழுங்கில் சற்றே நெருங்கியும் விலகியும் நின்றால் சாலகத்துக்கு, அதாவது அணுக்களின் ஒழுங்கான அடுக்குக்கு, கொஞ்சம் சக்தி செலவு. ஆனால் அந்த அலைவு சரியான அலைநீளத்தில் அமைந்தால் இலத்திரன்களின் சக்தி மட்டங்களில் ஓர் இடைவெளி திறக்கிறது, அதில் கிடைக்கும் இலாபம் செலவை மிஞ்சிவிடுகிறது. அணுக்களோடு சேர்ந்து இலத்திரன் அடர்த்தியும் அலையாகக் கூடிக் குறைகிறது. அதுதான் ஏற்ற அடர்த்தி அலை.

1954 இல் ஃப்ரோலிக் ஒருபடி மேலே போனார். அலைநீளம் சாலக இடைவெளியோடு எந்த எளிய விகிதத்திலும் பொருந்தாவிட்டால், அலையை முன்னே பின்னே நகர்த்தச் சக்தியே தேவையில்லை. எனவே அது தடையின்றி ஓடும், இதுவே மீகடத்தலுக்கு, அதாவது தடையே இல்லாத மின்கடத்தலுக்கு, காரணமாகலாம் என்றார். மூன்று ஆண்டுகளில் மீகடத்தலுக்கு வேறு விளக்கம் வந்து நிலைத்துவிட்டது. ஆனாலும் அலை ஓடும் என்ற அவருடைய எண்ணம் வீணாகவில்லை.

அதைக் காட்டித் தந்த பொருள் நையோபியம் ட்ரைசெலனைட். மயிரிழை அகலத்துக்கும் குறைந்த நாடாக்களாக வளரும் பளிங்கு. 145 கெல்வினில் ஓர் அலை உருவாகிறது, 59 கெல்வினில் இன்னொன்று. 1976 இல் மொன்சோ, ஒங் முதலானோர், மின்புலத்தைச் சற்றுக் கூட்டினாலே தடை விழுவதைக் கண்டார்கள். 1979 இல் பெல் ஆய்வுகூடத்தில் ஃப்ளெமிங், கிரைம்ஸ் இருவரும் இரண்டு விஷயங்களைக் கண்டார்கள். ஒன்று, கூர்மையான ஒரு தொடக்கப் புலம். அதற்குக் கீழே ஓமின் விதி, மேலே அலையும் சேர்ந்து ஓடுகிறது. மற்றது, அலை ஓடும்போது மின்னழுத்தத்தில் ஒரு குறிப்பிட்ட மீடிறனில் இரைச்சல்.

அந்த இரைச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். அலை ஓர் அலைநீளம் நகரும் ஒவ்வொரு தடவையும் மாசுகளுக்கு முன்னால் அதே நிலைமை திரும்ப வருகிறது. ஆகவே மீடிறனை அலைநீளத்தால் பெருக்கினால் வேகம் கிடைக்கும். இந்தப் பொருளில் அலைநீளம் சுமார் 14 ஆங்ஸ்ட்ரோம். 1 மெகாஹேர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் அலையின் வேகம் விநாடிக்கு 1.4 மில்லிமீற்றர். ஒரு பளிங்குக்குள் இலத்திரன்கள் கூட்டாக எவ்வளவு வேகமாகப் போகின்றன என்பதை இரண்டு கம்பி வைத்துக் கேட்கலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

கொட்டியாரக்குடா:

நான் மூதூரில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். எங்கள் குடும்பம் கரைவலைக் குடும்பம். நிலாவின் முதல் கேள்வியைப் படித்ததும் வலைதான் நினைவுக்கு வந்தது.

வலையைக் கரைக்கு இழுக்கும்போது அடியில் பார் இருந்தால் அங்கங்கே சிக்கும். எந்தக் கல் எங்கே இருக்கிறது என்பதில் ஒழுங்கில்லை. ஆனால் வலைக்கண்கள் ஒரே அளவு. ஒரு கண் கல்லைத் தாண்டினால் அடுத்த கண் அதே கல்லில் மாட்டும். சீனன்குடா சேர் சொன்ன இரைச்சல் இப்படித்தான் வருகிறது என்று நினைக்கிறேன்.

இப்போது பிடிப்புக்கு வருவோம். வலை மரப்பலகை மாதிரி விறைப்பாக இருந்தால், ஒரு கல் தடுக்கும் இடத்தில் இன்னொரு கல் வழுக்கிவிடும், நிலா சொன்னதுபோல் எல்லாம் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆனால் வலை வளையும். வளைவதால் ஒவ்வொரு பகுதியும் தனக்கு வசதியான பள்ளத்தில் போய் உட்காருகிறது. எல்லாப் பகுதிகளும் உட்கார்ந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கிளப்ப வேண்டும். சராசரி பூச்சியமாகாததற்குக் காரணம் அந்த வளைவுதான். சரியா?

தூரத்துக்_கோணமலையான்:

சேர், மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். பிடிப்பு மாசிலிருந்து மட்டும் வருவதில்லை. மாசும் வளைவும் சேர்ந்தால்தான் பிடிப்பு. நான் வெளிநாட்டில் இதே துறையில் வேலை செய்கிறேன். வலைக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பிறகு வலை எங்கே பொருந்தாது என்றும் சொல்கிறேன்.

அலையின் ஒரு துண்டை எடுங்கள், நீளம் ல என்று வைப்போம். அந்தத் துண்டு முழுவதும் அவத்தை ஏறக்குறைய ஒன்றே. அதற்குள் இருக்கும் மாசுகளின் விளைவுகள் எழுந்தமானமாகக் கூடும், எனவே மொத்தம் மாசுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலமாகத்தான் வளரும், பூச்சியம் ஆகாது. நிலா, நீங்கள் சராசரி என்று சொன்னதில் இந்த வர்க்கமூல மிச்சம் விடுபடுகிறது. துண்டு தன் அவத்தையைச் சரிசெய்து அந்த மிச்சத்தைத் தனக்கு இலாபமாக்கிக்கொள்கிறது. பக்கத்துத் துண்டு வேறோர் அவத்தையை விரும்பும். இரண்டுக்கும் நடுவில் அலை வளையவேண்டும், அதற்கு மீள்சக்தி செலவு. முப்பரிமாணத்தில் கனவளவு ஒன்றுக்கு இலாபம் ல இன் 3/2 அடுக்குக்கு நேர்மாறாகக் குறைகிறது, செலவு ல இன் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது. செலவு வேகமாகக் குறைகிறது. ஆகவே துண்டு போதுமான அளவு பெரிதானால் மாசுகள் எவ்வளவு பலவீனமாக இருந்தாலும் கடைசியில் வெல்வது அவைதான். 4 பரிமாணத்துக்குக் கீழே எங்கும் இதே கதை. இம்ரியும் மாவும் 1975 இல் காந்தங்களுக்குச் சொன்ன வாதம் இது. ஃபுக்குயாமா, லீ, ரைஸ் ஆகியோர் 1978, 79 இல் அலைக்குக் கொண்டுவந்தார்கள்.

இலாபமும் செலவும் சமமாகும் நீளம்தான் துண்டின் அளவு. சுத்தமான பளிங்குகளில் அது சங்கிலி வழியே மைக்ரோமீற்றர் அளவுக்குப் போகும், அதாவது ஆயிரம் அலைநீளத்துக்கு மேல். துண்டின் அளவு தெரிந்தால் தொடக்கப் புலமும் தெரியும், அது ல இன் வர்க்கத்துக்கு நேர்மாறு. முப்பரிமாணத்தில் கணக்கை முடித்தால் தொடக்கப் புலம் மாசுச் செறிவின் வர்க்கமாக வருகிறது. ஒவ்வொரு மாசும் தனித்தனியாக அவத்தையைப் பூட்டும் அளவுக்கு வலிமையானது என்றால் செறிவுக்கு நேர்விகிதமாக வரும்.

இதில் நீண்ட காலம் சண்டை. சில அளவீடுகளில் நேர்விகிதம், சிலவற்றில் வர்க்கம். பளிங்கின் தடிப்பைக் கவனித்த பிறகுதான் தெளிவு பிறந்தது. துண்டின் அளவை விடப் பளிங்கு மெல்லியதாக இருந்தால் அலைக்கு அது இருபரிமாணம். அங்கே பலவீனமான மாசுகளே செறிவுக்கு நேர்விகிதமான தொடக்கப் புலத்தைத் தரும், அத்தோடு புலம் தடிப்புக்கு நேர்மாறாக மாறும். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தோர்ன் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் தடிப்பை மாற்றி மாற்றி அளந்து இதைக் காட்டினார்கள்.

இனி வலை. கரைவலையில் விசை கயிற்றின் இரண்டு முனைகளில் விழுகிறது. மின்புலமோ அலையின் ஒவ்வொரு பகுதியையும் இழுக்கிறது. வலைக்கண்களின் எண்ணிக்கை மாறாது. பளிங்கில் ஒரு மின்வாயில் புதிய அலைகள் பிறக்கவேண்டும், மற்றதில் அழியவேண்டும், இல்லையேல் ஓட்டமே தொடராது. பிறப்பதற்கும் அழிவதற்கும் அலை ஓரிடத்தில் அறுந்து மீண்டும் ஒட்டவேண்டும். இதை அவத்தை நழுவல் என்போம். அதற்குத் தனியாக அழுத்த வேறுபாடு வேண்டும். எனவே ஓடும் அலை ஒரு முனைக்கு அருகே இழுபட்டும் மறு முனைக்கு அருகே நெருங்கியும் இருக்கும். எக்ஸ்கதிரால் அதைப் பார்த்தும் இருக்கிறார்கள்.

புல்மோட்டை_மணல்:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. எங்கள் மணலில் இல்மனைட் இருக்கிறது, அதாவது டைட்டேனியம். டைட்டேனியம் டைசெலனைடிலும் ஏற்ற அடர்த்தி அலை இருக்கிறதாமே, அதுவும் ஓடுமா?

தூரத்துக்_கோணமலையான்:

அலை இருக்கிறது, சுமார் 200 கெல்வினில் உருவாகிறது. ஆனால் அங்கே அலைநீளம் சாலக இடைவெளியின் சரி இரண்டு மடங்கு. அலை சற்றே நகர்ந்தாலும் அணுக்களோடு பொருத்தம் கெடும், சக்தி ஏறும். மாசே இல்லாவிட்டாலும் சாலகமே அதைப் பூட்டி வைத்திருக்கும். நையோபியம் ட்ரைசெலனைடில் 145 கெல்வின் அலைக்கு, சாலக இடைவெளியை அலைநீளத்தால் வகுத்தால் வரும் விகிதம் 0.241. கால்வாசிக்குக் கிட்ட, ஆனால் கால்வாசி இல்லை. அந்தச் சிறு வித்தியாசம்தான் அதை ஓடவிடுகிறது.

சீனன்குடா_வாசி:

தம்பி, ஒரு விஷயம் இங்கே வந்தே ஆகவேண்டும். பார்டீன். இரண்டு தடவை பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்ற ஒரே மனிதர், தன் கடைசிப் பத்தாண்டின் பெரும்பகுதியை இந்த அலைக்குக் கொடுத்தார். அலை மேட்டைத் தாண்டி உருளவில்லை, குவாண்டம் முறையில் ஊடுருவுகிறது என்றார். அவருடைய கோவையில் ஓட்டம் புலத்தின் தலைகீழை அடுக்காகக் கொண்டு ஏறுகிறது. அளவீட்டு வளைவுகளுக்கு அது அழகாகப் பொருந்தியது. நிலா குறைப்பட்ட வர்க்கமூல வளைவை விட நிச்சயமாக நன்றாக. இதை ஒதுக்கிவிட்டு வலை, கல் என்று மட்டும் பேசுவது நியாயமில்லை.

தூரத்துக்_கோணமலையான்:

பார்டீன் எழுப்பிய கேள்வியை ஒதுக்கவே முடியாது, சேர். ஒரு கணக்கு போதும். சுத்தமான நையோபியம் ட்ரைசெலனைடில் தொடக்கப் புலம் சென்ரிமீற்றருக்கு 10 மில்லிவோல்ட் அளவுக்குத் தாழும். ஓர் அலைநீளத்துக்குள் அந்தப் புலம் கொடுக்கும் அழுத்த வேறுபாடு 1.4 நனோவோல்ட். 50 கெல்வினில் வெப்ப அசைவோ 4 மில்லிவோல்ட்டுக்குச் சமம், அதாவது சுமார் 30 இலட்சம் மடங்கு. இலத்திரன் ஒவ்வொன்றாகப் பிடிபட்டிருந்தால் வெப்பமே எல்லாவற்றையும் உதறிவிட்டிருக்கும், தொடக்கப் புலம் என்று ஒன்றைப் பார்த்தே இருக்கமாட்டோம். எனவே பெருந்தொகையான இலத்திரன்கள் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கின்றன. இதுவரை எனக்கும் பார்டீன் பக்கத்துக்கும் வேறுபாடில்லை.

வேறுபாடு அடுத்த அடியில். அவ்வளவு இலத்திரன்கள் சேர்ந்த ஒன்று, அதுவும் 50, 100 கெல்வின் வெப்பத்தில், ஊடுருவுமா? எனக்கு நம்பிக்கையில்லை. அத்தோடு, ஒரே துணிக்கை என்ற வரையறையைத் தளர்த்தி மீள்தன்மையைச் சேர்த்தாலே பழம்பௌதிக (குவாண்டம் சேராத) வளைவு மாறிவிடுகிறது. வர்க்கமூலம் பொய்த்ததை வைத்து முழுப் பழம்பௌதிகத்தையும் தள்ளவேண்டியதில்லை.

ஆனால் கதவு அடைபடவில்லை. 1997 இல் லாட்டிஷெவும் மொன்சோவும், நுண்துளை போன்ற குறைகள் உண்டாக்கிய நையோபியம் ட்ரைசெலனைடில், காந்தப்பாயம் மாறும்போது அலையின் தடை அலைவதைப் பார்த்தார்கள். 2012 இல் ஜப்பானில் தாண்டலம் ட்ரைசல்பைட் வளையங்களிலும் 5 கெல்வின் அளவில் பார்த்தார்கள். ஓர் அலைவுக்கு வேண்டிய காந்தப்பாயம், பிளாங்க் மாறிலியை இரண்டு இலத்திரன் ஏற்றத்தால் பிரித்தால் வருவது. அது குவாண்டம் இடையீடுதான். ஆகவே தாழ்ந்த வெப்பநிலையில், சிறிய மாதிரிகளில், அலை தன் குவாண்டம் குணத்தைக் காட்டுகிறது என்று ஒத்துக்கொள்கிறேன். தொடக்கப் புலத்துக்கு அதுதான் காரணம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

சீனன்குடா_வாசி:

உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை, கணக்கை ஏற்கிறேன். தாழ்ந்த வெப்பநிலையில் இடையீடு தெரிகிறது என்றால் உயர்ந்த வெப்பநிலையில் எந்த இடத்தில் அது மறைகிறது என்று அளந்து காட்டவேண்டியது உங்கள் பக்கத்தின் கடமை.

கன்னியா_வெந்நீர்:

நிலா, உங்கள் கணினி வேலைக்கு நேரடியாக உதவும் ஒன்றைச் சொல்கிறேன். மிடில்டன் 1992 இல் நிறுவிய தேற்றம். அது தெரிந்தால் உங்கள் நேரம் நிறைய மிச்சப்படும், தவிர நான் படித்த நிறுவல்களில் இவ்வளவு சுருக்கமும் பலமும் உள்ளவை குறைவு.

ஒரே மாசுத் தொகுதியில் இரண்டு நிலைகளை எடுங்கள். தொடக்கத்தில் முதலாவது எல்லா இடத்திலும் இரண்டாவதுக்குப் பின்னே நிற்கிறது. ஒரே விசையில் இரண்டும் நகரட்டும். முதலாவது எங்காவது இரண்டாவதை முந்துமா? முந்தவேண்டுமென்றால் ஓர் இடத்தில் முதலில் தொடவேண்டும். தொடும் கணத்தில் அந்த இடத்தில் இரண்டுக்கும் அவத்தை ஒன்றே, எனவே மாசின் விசையும் ஒன்றே. ஆனால் இரண்டாவதின் அயலவர்கள் இன்னும் முன்னேதான் நிற்கிறார்கள், எனவே அதை வில்கள் இழுக்கும் விசை முதலாவதை விடக் குறையாது. ஆகவே முந்த வழியில்லை. முடிந்தது.

இதிலிருந்து வருவது பெரிது. ஒரு விசையில் ஒரு தீர்வு என்றென்றும் ஓடினால், அதே விசையில் நின்றுபோன தீர்வு எதுவும் இருக்கமுடியாது. ஏனென்றால் ஓடுவதைப் பின்னே வைத்து, நிற்பதை முன்னே வைத்தால் அது முந்தவேண்டிவரும். அதனால் தொடக்க விசை எந்த நிலையிலிருந்து தொடங்கினீர்கள் என்பதைப் பொறுத்ததல்ல. ஓடும் வேகமும் ஒன்றே ஒன்றுதான். சற்றுக் காலம் போனபின் எல்லாத் தொடக்கங்களும் ஒரே ஓட்டத்தில் சேர்ந்துவிடும், அதுவும் காலத்தில் ஒழுங்காகத் திரும்பும் ஓட்டம்.

எனவே விசையை ஏற்றியும் இறக்கியும் வேறுவேறு தொடக்க விசை தேடவேண்டாம். ஒரு விசையைக் கொடுங்கள், எல்லா அவத்தைகளும் ஒரு முழுச் சுற்று முன்னேறிவிட்டனவா என்று பாருங்கள். முன்னேறினால் தொடக்கத்துக்கு மேலே, நின்றால் கீழே. இடைவெளியைப் பாதி பாதியாக நெருக்குங்கள்.

கொட்டியாரக்குடா:

அருமை, தங்கச்சி. ஆனால் சில பளிங்குகளில் புலத்தை ஏற்றும்போது ஓரிடத்தில் அலை சட்டென்று பாய்கிறது, இறக்கும்போது வேறோரிடத்தில் நிற்கிறது என்று வாசித்தேன். தேற்றம் சரியென்றால் அது எப்படி?

கன்னியா_வெந்நீர்:

தேற்றத்துக்கு இரண்டு நிபந்தனை உண்டு, சேர். சடத்துவம் இருக்கக்கூடாது. வில்கள் எவ்வளவு இழுத்தாலும் அறாமல் இருக்கவேண்டும். உண்மைப் பளிங்கில் அலை அறுகிறது. கோப்பர்ஸ்மித் 1990 இல் சொன்னது இதைத்தான். போதுமான அளவு பெரிய மாதிரியில் எங்காவது மாசுகள் தற்செயலாக மிகப் பலமாகக் கூடிய பகுதி ஒன்று இருக்கும். அங்கே அலை நிற்கும், சுற்றிலும் ஓடும், நடுவில் இழுவை எல்லை மீறி அவத்தை நழுவும். ஆகவே அறாத வில் என்பது எவ்வளவு அழகான மாதிரியானாலும் பெரிய மாதிரிக்கு அதன் செல்லுபடி குறைகிறது. பாய்ச்சலும் ஏற்ற இறக்க வித்தியாசமும் நழுவல் நடக்கும் பளிங்குகளின் குணம் என்பதே என் எண்ணம்.

தூரத்துக்_கோணமலையான்:

நிலாவின் இரண்டாவது கேள்வி இன்னும் விடைபெறவில்லை. சாய்வு.

டேனியல் ஃபிஷர் 1985 இல் தொடக்கப் புலத்தை ஒரு நிலைமாற்றமாகப் பார்த்தார். காந்தம் தன் காந்தத்தை இழக்கும் வெப்பநிலைக்கு அருகே எப்படி அடுக்கு விதிகள் வருகின்றனவோ, இங்கே வேகம் தொடக்கத்திலிருந்து புலம் எவ்வளவு கூடுதல் என்பதன் ஓர் அடுக்காக வருகிறது. ஒவ்வோர் அவத்தையும் மற்ற எல்லாவற்றோடும் இணைந்திருப்பதாக எடுத்தால் அடுக்கு 3/2. அயலவரோடு மட்டும் இணைந்தால், நாராயணும் ஃபிஷரும் 1992 இல் கணித்தபடி, முப்பரிமாணத்தில் அது ஏறக்குறைய 5/6, இருபரிமாணத்தில் 2/3. தொடக்கத்தை நெருங்க நெருங்க ஒரு துண்டு விடுபடும்போது பக்கத்துத் துண்டுகளையும் இழுத்துவிடும் தொடர்கள் பெரிதாகிக்கொண்டே போகின்றன.

ஆனால் 5/6 கூட ஒன்றை விடக் குறைவு. மெதுவாகத்தான் என்றாலும் சாய்வு முடிவிலிக்குப் போகவேண்டும். அளவீடுகளில் பெரும்பாலும் அடுக்கு ஒன்றுக்கு மேல், வளைவு மெல்ல ஏறுகிறது. இந்த முரண்பாட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். மின்வாய்களில் நடக்கும் நழுவல், பளிங்கின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு தொடக்கம், வெப்பத்தால் தொடக்கத்துக்குக் கீழேயே நடக்கும் ஊர்தல், இவை மூன்றும் கூர்மையை மழுக்கக்கூடியவை. ஊர்தல் கற்பனையல்ல. 1999 இல் கோர்னெல் குழு, தாழ்ந்த வெப்பநிலையில் தெரியும் இரண்டு தொடக்கப் புலங்களுக்கு நடுவே, அதாவது அலை வேகமாக ஓடத் தொடங்கும் மேல் தொடக்கத்துக்குக் கீழே, அலை மிக மிக மெதுவாக, ஆனால் காலத்தில் ஒழுங்கு கெடாமல் ஊர்வதை அளந்தது. ஒழுங்கான ஊர்தல் என்பதை எந்த எளிய மாதிரியும் எதிர்பார்க்கவில்லை.

ஆகவே நிலா, வர்க்கமூலத்தை நம்பவேண்டாம். மீள்தன்மையுள்ள மாதிரியை நம்புங்கள், ஆனால் அதன் அடுக்கை அளவீட்டு வளைவோடு நேரே ஒட்டவேண்டாம்.

புல்மோட்டை_மணல்:

இதை எல்லாம் கணினியில்தான் பார்க்கவேண்டுமா? இங்கே எதையுமே அளக்க முடியாதா?

சீனன்குடா_வாசி:

ஏன் முடியாது? எல்லாப் பொருளும் 59 கெல்வின் கேட்பதில்லை. தாண்டலம் ட்ரைசல்பைடில் சுமார் 215 கெல்வினிலேயே அலை உருவாகிறது. உலர்பனிக்கட்டி 195 கெல்வின். தாண்டலம், செலனியம், அயடீன் சேர்ந்த ஒரு சேர்வையில் 263 கெல்வின், அதாவது பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை. ஐஸ் தொழிற்சாலை ஐஸும் உப்பும் கலந்தால் அதற்குக் கீழே போய்விடலாம். மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊரில் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை பளிங்கு. மூடிய குவார்ட்ஸ் குழாயில், வெற்றிடத்தில், பல நூறு பாகையில் நாட்கணக்காக வளர்க்கவேண்டும். வளர்ப்பவர்களிடம் கடிதம் எழுதிக் கேட்டால் சில இழைகள் அனுப்பக்கூடும். வெள்ளிப் பசையால் நான்கு கம்பி ஒட்டி, ஓட்டத்தை ஏற்றிக்கொண்டு அழுத்தத்தைப் பார்த்தால் தொடக்கத்தைக் கண்ணாலேயே காணலாம். வளாகத்தில் யாராவது முனைந்தால் நான் கம்பி ஒட்ட வருகிறேன்.

நிலாவெளி_நிலா:

எல்லோருக்கும் நன்றி. கன்னியா அக்கா சொன்ன முறையில் தொடக்க விசையைத் தேடினேன், முன்பை விட மிக வேகமாக முடிகிறது.

அண்ணா, உங்கள் துண்டுக் கணக்கை ஒரு பரிமாணத்துக்கு நானே போட்டுப் பார்த்தேன். தொடக்க விசை மாசின் வலிமையின் 4/3 அடுக்காக வரவேண்டும் என்று கிடைத்தது. அதாவது வலிமையை இரட்டித்தால் தொடக்கம் சுமார் 2.5 மடங்காகும். ஒரே துணிக்கை என்றால் சரியாக 2 மடங்கு. ஆகவே இரண்டையும் பிரித்துக் காட்ட நேரான வழி இது. மாசு பலவீனமாக இருக்கும் பகுதியில் என் வரைபின் சாய்வு 4/3 க்கு அருகே நிற்கிறது. மாசைப் பலமாக்கிக்கொண்டு போனால் மெல்ல மெல்ல 1 க்கு இறங்குகிறது. அந்த இறக்கம், அவத்தை மாசுகளுக்கு ஒவ்வொன்றாகக் கட்டுப்படத் தொடங்கும் இடம் என்று எழுதலாமா?

இருபரிமாணத்தில் வேகத்தின் அடுக்கைப் பார்க்கவும் ஆசை. 2/3 வருகிறதா என்று.

தூரத்துக்_கோணமலையான்:

தாராளமாக எழுதலாம். துண்டின் நீளம் மாசுகளுக்கு இடையிலான தூரத்துக்குச் சமமாகும் வலிமையைக் கணக்கிட்டு, வளைவு திரும்பும் இடம் அதோடு பொருந்துகிறதா என்றும் காட்டுங்கள்.

இருபரிமாணத்துக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு மாசுத் தொகுதிக்கும் தொடக்க விசை சற்றே வேறு. எல்லாத் தொகுதிகளின் வேகங்களையும் ஒரே விசையில் வைத்துச் சராசரி எடுத்தால் தொடக்கம் மழுங்கிவிடும், அடுக்கு பொய்யாகக் கூடும். முதலில் ஒவ்வொரு தொகுதிக்கும் தொடக்கத்தைத் தனியே கண்டுபிடித்து, அதிலிருந்து எவ்வளவு மேலே என்பதை வைத்துச் சராசரி எடுங்கள். தொடக்கத்துக்கு மிக அருகே, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சேர்ந்து நகரும் பகுதியின் நீளம் உங்கள் மாதிரியின் அளவைத் தொட்டுவிடும், அங்கே மாதிரி முழுவதும் ஒரே துணிக்கையாகி வர்க்கமூலம் திரும்ப வரும். அந்தப் பகுதியை அடுக்குக்குப் பயன்படுத்தாதீர்கள். ஆனால் வரைபிலிருந்து நீக்கவும் வேண்டாம், அளவைக் கூட்டும்போது அது எங்கே நகர்கிறது என்பதே உங்கள் ஆய்வறிக்கைக்கு ஒரு நல்ல அத்தியாயம்.

கன்னியா_வெந்நீர்:

ஓரங்களை ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள் நிலா, இல்லையென்றால் ஓர அவத்தைகளுக்கு அயலவர் குறைந்து தொடக்கம் அங்கேயே தீர்மானமாகிவிடும். நிரலை இங்கே ஏற்றினால் நான் வேகப்படுத்திப் பார்க்கிறேன்.